மாப்பிள்ளை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை

என்னைப் போல ஒரு மடையனை ஆவடிப் பக்கம் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டான். ஒரே ஒரு நாடகம் எழுத ஒப்புக்கொண்டு, முதல் காட்சியைத் தாண்டாமலே எழுத்தாளன் என்று தெருவில் பெயர் வாங்கியவன் நான்.

போன வாரம் முகப்பேரில் மகளின் பள்ளி ஆண்டுவிழா. ராஜா வேஷம் கட்டிய ஒரு சிறுமிக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசையின் வாடை இருக்கிறதே, பாதி சாராயம், பாதி குங்கிலியம். மூக்கில் ஏறியதும் நினைவில் மோகன் வந்து நின்றான்.

மோகன் அப்போது எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் எதிர்வீடு. மீசை சரியாக முளைக்காவிட்டாலும் நடிப்பு ஆசை மட்டும் அடர்த்தியாக முளைத்திருந்தது. ஆயுதபூஜைக்குக் குடியிருப்பு மேடையில் நாடகம் உண்டு. அங்கே குடியிருக்கிறவர்கள்தான் நடிக்கலாம். அவன் அப்பாவுக்கு அடுத்த மார்ச்சில் ஓய்வு. வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஆக, அவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு ஆயுதபூஜை.

"நீதான் மைக்ல நல்லா கலாய்க்கிறியே, அத்தயே நாடகமா எழுதிக் குடு மச்சான்" என்றான்.

கூழ் ஊற்றும் விழாவில் காணாமல்போன செருப்புகளைப் பற்றி நான் அறிவிப்புச் செய்ததுதான் என் இலக்கியத் தகுதி. ஒப்புக்கொண்டேன்.

ஒரே குளியலறை உள்ள வீட்டுக்குப் புது மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறான். இதுதான் கதை. முதலில் எழுதியதில் மாப்பிள்ளை கதவைத் தட்டினான். மோகன் மனப்பாடம் செய்துவிட்டான். பிறகு நூலகத்தில், நாடகக்கலை பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. கதவைத் தட்டுவது மட்டமான உத்தியாம். மாப்பிள்ளையை ஜன்னலில் கூப்பிட வைத்தேன். மோகன் அதையும் மனப்பாடம் செய்தான். இன்னொரு அத்தியாயம் படித்தேன். மாப்பிள்ளை தெருவிலேயே நின்று வசனம் பேசினான். நான் தேறத் தேற, பாவம், அவன் வீட்டைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது சீன் இன்னா ஆச்சி?"

"இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு எழுதறேன்டா. நான் இன்னும் ரெடியாவல."

"நீ ரெடியாவறதுக்குள்ள எங்கப்பா ரிட்டயர் ஆயிடுவாரு நைனா."

நல்ல நகைச்சுவையாக இருக்கிறதே, நாடகத்துக்கு ஆகும் என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

ஆயுதபூஜையன்று அந்த மேடையில் நாடகத்துக்குப் பதில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். மோகன் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக, சுண்டல் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்தான். மீசை ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். பங்குனி வெயிலில் அவர்கள் சாமான் ஏற்றிய வண்டி திருவேற்காட்டுக்குப் போனது.

இப்போது அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மேடையை இடித்துத் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். நூலகமும் அங்கில்லை, அதனால் அந்தத் தலையணைப் புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது.

ஆண்டுவிழா முடிந்ததும் மோகனுக்குப் போன் போட்டேன். எவ்வளவோ வருடம் கழித்து. இப்போது அண்ணனூரில் இருக்கிறான்; ரயில் சத்தத்துக்கு நடுவே எடுத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்ப எழுதிடலாம்னு தோணுதுடா. அந்த மொதல் சீன் ஞாபகம் கீதா?" என்றேன்.

"எந்த மொதல் சீன்?"