சிவப்புத் தலை விறகு

காஸ் சிலிண்டரைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. விலை ஏறியபோது பொறுத்துப் பார்த்தேன். இறங்கியதென்று சொன்னார்கள், பழைய விலைக்கு அது வரவேயில்லை. யாராவது விருந்துக்கு வந்தால் மட்டும் காஸ், மற்ற நாளெல்லாம் விறகு என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

சட்டம் அதோடு நிற்கவில்லை. சவர்க்காரத்தை இரண்டாக வெட்டி ஒரு துண்டைத்தான் வெளியே வைப்போம். பால்மா நின்றுபோய் பிளேன்ரீ ஆனது. ஒரு தேங்காய் இரண்டு நாளைக்கு. எதையும் எறியக்கூடாது. கயிற்றுத் துண்டு, வளைந்த ஆணி, உடைந்த பலகை எல்லாம் ஏதோவொன்றுக்கு உதவவேண்டும். மகள் கொப்பியில் ஒரு பக்கம் விட்டு எழுதினால் அதற்கும் சத்தம் போட்டேன். முசலிக் கரையோரத்தில் கருவாடு வாங்கி மன்னார் டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறவன் நான். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்த பிறகு மிஞ்சுவதில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. எப்படி மிச்சம் பிடிப்பதென்று வயிறு நிறைந்தவன் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வளவுக்குள் கிடந்த பனைமட்டையும் காய்ந்த கொப்பும் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. அதன்பிறகு மனைவி ஊருக்கு மேற்கே உள்ள பற்றைக்காட்டுக்குப் போகத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகளும் போவாள். அவளுக்குப் பதினான்கு வயது.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கைக்குழந்தையாக இந்த ஊரைவிட்டுப் போனவன். மனைவி புத்தளத்து அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது ஊரே பற்றை மூடிக் கிடந்தது. யாருடைய வளவு எது, ஆமி எங்கே இருந்தது, இயக்கம் எங்கே இருந்தது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. மிதிவெடி எடுக்கிற ஆட்கள் வந்தார்கள். மண்டையோடு வரைந்த பலகை நட்டார்கள், நாடா கட்டினார்கள், மாதக்கணக்காகக் குனிந்து வேலை செய்தார்கள். வளவுகளையும் ரோட்டோரத்தையும் துப்புரவாக்கித் தந்தார்கள். உள்ளே இன்னும் கிடக்கிறது, பிறகு வருவோம் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். பலகை துருப்பிடித்து விழுந்தது. நாடா வெயிலில் இற்றுப்போனது. எங்கள் பிள்ளைகளுக்கு அது வெறும் காடு. நாளாக நாளாக எங்களுக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் காலை ரொட்டி சுடும்போது குசினியில் புகையே இல்லை.

"இது எங்க எடுத்த விறகு?" என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் போய் எடுத்தனாங்கள்" என்றாள் மனைவி. "நேரா, நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. கத்தியும் தேவையில்லை, இழுத்தா வருது."

"அப்ப இதையே கொண்டு வா. பச்சைக் கொப்பை இழுத்துக்கொண்டு வந்து வீட்டைப் புகையாக்காத."

மகள் சிரித்தாள். "உம்மா, வாப்பா விறகுக்கு சேர்ட்டிபிக்கட் குடுக்கிறார். எழுதி வாங்கி வையுங்கோ."

நானும் சிரித்தேன். இழுத்தால் வரும் விறகு எது என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. அன்றைக்குப் படகுகள் போகவில்லை, எனக்கும் வேலையில்லை. மனைவியும் மகளும் விடிந்ததும் காட்டுக்குப் போய்விட்டார்கள். வளவுக்குள் கோழிகள் அவிழ்ந்து திரிந்தன. என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன நானா, கோழிக்கும் சாப்பாட்டைக் குறைச்சிட்டீங்களா? கூட்டை உடைச்சுக்கொண்டு ஓடுதுகள்."

கூட்டடியில் குந்தினேன். கீரி நுழையாமல் இருக்கக் கூட்டின் அடி இடைவெளியை மனைவி அடைத்திருந்தாள். சாண் நீளத் துண்டுகள், நான்கு பக்கமும் சீவியவை, நெருக்கமாக வரிசையாய் அடித்திருந்தாள். ஒன்று கழன்று விழுந்திருந்தது. எடுத்துத் திருப்பினேன். மண்ணுக்குள் இருந்த முனை சிவப்பு.

அடுத்ததைப் பிடுங்கினேன். சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு.

பெயின்ற் எரிந்தால் ரொட்டியில் மணக்கும் என்று தலையை வெட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைத்திருக்கிறாள். வெட்டிய தலைகளை எறியவில்லை. எங்கள் வீட்டில் எதையும் எறியக்கூடாதே. பதினேழு தலைகள். ஊருக்குத் திரும்பிய புதிதில் அந்தக் குச்சிகளை நானே பார்த்திருக்கிறேன், எல்லாம் ஒரே உயரம், ஒரே சிவப்பு. குச்சிக்கு அந்தப் பக்கம் கால் வைக்கவேண்டாம் என்று மிதிவெடி எடுக்கிற ஆட்கள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"என்ர ஆக்கள் எந்தப் பக்கம் போனவை?" என்று வேலியைப் பார்த்துக் கத்தினேன்.

"பழைய கிணத்தடிப் பக்கம்தான். அங்கால இன்னுமொரு வரிசை நிக்குதாம், உங்கட மகள் சொன்னா."

மோட்டார் சைக்கிளில் போனேன். காட்டு விளிம்பில் இறங்கிக் கூப்பிட்டேன். என் குரலைக் காற்று பின்னால் தள்ளியது. நாலாம் தரம் கூப்பிட்டபோது பற்றைக்கு மேலால் மனைவியின் முக்காடு தெரிந்தது. அவளுக்குப் பின்னால் தலையில் கட்டோடு மகள்.

"ஏன் கத்துறீங்கள்? பாம்பா?"

"நில்லுங்கோ! ரெண்டு பேரும் நில்லுங்கோ. கால் எடுக்காதீங்கோ."

நின்றார்கள்.

"மகள், அந்தச் சிவப்புக் குச்சி வரிசைக்கு நீ உள்ளுக்கா நிக்கிறாய், வெளியிலயா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "வரிசை இல்லை வாப்பா. எல்லாத்தையும் புடுங்கிட்டம்."

மனைவிக்கு விளங்கிவிட்டது. அவள் முகத்தை அந்தத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

"வந்த காலடி தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது. காத்து மூடுது" என்றாள் மனைவி.

"அதுக்கு மேலயே மிதிச்சு வாங்கோ. மகள், நீ விறகைப் போடு."

"இவ்வளவும் வீணாப் போயிருமே வாப்பா."

"போடு எண்டு சொல்றன்!" கத்திவிட்டு அதன்பிறகுதான் யோசித்தேன். அவள் கட்டைத் தலையிலிருந்து தூக்கிவிட்டாள். "எறியாத! எறியாத மகள். நிக்கிற இடத்திலயே மெதுவா இறக்கு."

அவள் அப்படியே குனிந்து, தூங்கும் பிள்ளையை வைப்பதுபோல வைத்தாள். பிறகு இருவரும் வந்தார்கள். ஒரு காலடி, அடுத்தது. ஓரிடத்தில் மண் முழுதாக மூடியிருந்தது. மனைவி அங்கே நெடுநேரம் நின்றாள். பிறகு காலைத் தூக்கி வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ரோட்டுக்கு வந்ததும் மகள் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். மனைவி பிடிக்கவில்லை.

"நீங்கள்தானே இதையே கொண்டு வரச் சொன்னீங்கள்" என்றாள்.

மிதிவெடி எடுக்கிறவர்களின் கந்தோருக்குப் போய்ச் சொன்னேன். ஆட்கள் வந்தார்கள். எங்கே பிடுங்கினீர்கள், காட்டுங்கள் என்றார்கள். மனைவி மூன்று இடத்தைக் காட்டினாள், மகள் நாலாவதைக் காட்டினாள். அந்தக் குச்சிகளில் எங்கள் ரொட்டி வெந்துவிட்டது. சாம்பலைக் கத்தரிக்குப் போட்டுவிட்டோம். வந்தவர்களில் பெரியவர் கோழிக்கூட்டடியில் குந்தி அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டார். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு வீடுகளிலும் எடுத்தீர்களா என்று ஊரைக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லை எதுவென்று தெரியாததால், ரோட்டோரம் வரைக்கும் வந்து புதுக் குச்சிகள் நட்டார்கள். வேலைக்கு ஆட்கள் கிடைத்ததும் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

சிலிண்டரை வெளியே எடுத்து அடுப்பில் பூட்டிவிட்டேன். மற்ற வீடுகளில் யார் பூட்டினார்கள்? விலை அவர்களுக்கும் அதே விலைதான்.

கருவாட்டுக்குப் போகும் வழியில் தினமும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அந்தக் குச்சிகளை எண்ணுகிறேன். ரோட்டுப் பக்கம் அறுபத்து மூன்று. நேற்றும் அறுபத்து மூன்று. இன்று காலை இரண்டு தரம் எண்ணினேன், அறுபத்திரண்டு. நடுவில் ஒரு சின்னக் குழி, விளிம்பு இன்னும் காயவில்லை.

கருவாட்டுக்குப் போகவில்லை. ஊருக்குள் திரும்பி முதல் வீட்டுப் படலையைத் தட்டினேன். எல்லாக் குசினியிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.