காற்றுப் புகாத பச்சைப் பை

வேட்டையில் சுடப்பட்ட பெரிய விலங்கின் இறைச்சி, நியாயமான காலத்துக்குள், எந்தப் பகுதியிலும் ஏழு பாகை செல்சியசுக்கு மேற்படாதவாறு குளிர்விக்கப்பட வேண்டும். ஐரோப்பிய உணவுச் சுகாதார விதி இப்படிச் சொல்கிறது. மாவட்ட உணவுக் கண்காணிப்பு அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வரியை ஜெர்மன் மொழியில் நித்திரையிலும் சொல்வேன். எசன் நகரத்தில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் அத்தானுக்கு முதுகுப்பை தெரிவு செய்த அன்று இந்த வரி எனக்கு மறந்துபோயிற்று என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அதைவிட எனக்குப் பிடித்த இன்னொரு வரி இருந்தது. இறைச்சி தொடும் பரப்பு வழவழப்பாகவும் கழுவக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கடைக்குள் நின்று உரத்துச் சொன்னது அந்த வரியைத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர், மன்னார்க்காரர். அகதியாக வந்து, இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் மேசையில் முப்பது வருடம் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் தோட்டம் வைப்பார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் வேட்டை உரிமத்துக்குப் படிக்கப் போவதாக அறிவித்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஒன்றுகூடலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் தடவை பரீட்சையில் ஆயுதச் சட்டத்தில் சறுக்கினார். அதன்பின் நான்தான் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுச் சமையலறையில் இருந்து அந்தச் சட்டத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை சித்தியடைந்தார். அந்த உரிமத்தில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்படி நினைப்பது அவருக்குத் தெரியும். என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, "இவர் என்ரை மச்சான், பேப்பர் ஆள்" என்பார். முப்பது வருடமாக அவருடைய விண்ணப்பங்களை நிரப்பியது நான். அதற்காக என்னை மன்னிக்க அவரால் முடியவில்லை. அவர் நன்றி சொல்லாததை மன்னிக்க என்னாலும் முடியவில்லை.

அந்தக் கடையில் இரண்டு பைகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று பை என்றே சொல்ல முடியாதது. அலுமினியச் சட்டம், கீழே ஒரு மடிப்புத் தட்டு, நாலைந்து பட்டிகள். இறைச்சியைத் துணியில் சுற்றிக் கட்டிச் சுமக்க வேண்டும். மற்றது நல்ல பச்சை நிறம்; உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் உறை, மேலே சுருட்டி மூடும் வாய். ஒரு துளி இரத்தம் வெளியே வராது. அத்தான் பச்சைப் பைக்குள் கையை முழங்கை வரை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்து, வியர்த்திருந்த கையை என்னிடம் காட்டினார்.

"இதுக்குள்ளை வைச்சா இறைச்சி அவிஞ்சு போகும் மச்சான். சூடு வெளியாலை போக வேணும்."

நான் விதியைச் சொன்னேன். பரப்பு, கழுவுதல், தூசி, மொய்க்கும் இலையான். விற்பனையாளர் தலையாட்டினார், விலை கூடிய பொருளுக்கு ஆதரவாக ஒருவர் சட்டம் பேசினால் எந்த விற்பனையாளரும் தலையாட்டுவார். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். "சட்டம் தெரிஞ்ச ஆள் நீர் சொல்லுறீர்" என்று பச்சைப் பையை எடுத்துக்கொண்டார்.

இந்த நாட்டில் உரிமம் மட்டும் இருந்தால் வேட்டையாட முடியாது. காடு வேண்டும். சவர்லாந்து மலைப்பக்கம் ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த பல் வைத்தியர் ஒருவர், அத்தானை விருந்தாளியாக வரவிட்டார். எழுத்தில் ஒன்றுமில்லை, வாய்ச்சொல்தான். சுட்ட மான் குத்தகைக்காரருக்கு. ஈரல், இதயம், சிறுநீரகம் மட்டும் வயிற்றைத் திறந்தவருக்கு. இது அவர்களுடைய பழைய வழக்கம். ஜெர்மனியில் தனக்கு விளங்கிய ஒரே சட்டம் இதுதான் என்று அத்தான் சொல்வார். அந்த வாய்ச்சொல் அவருக்கு எவ்வளவு பெரியது என்பதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் படுப்பாராம்.

அந்த ஜூலை மாதக் காலையில் சுமை தூக்க நானும் போனேன். ஆறு மணியளவில் ஒரே வெடியில் ஆண் மான் விழுந்தது, எங்கள் ஊர் ஆட்டுக்கடா அளவு. அத்தான் அதைத் திறந்த விதத்தைப் பற்றி நான் குறைசொல்ல ஒன்றுமில்லை. பத்து நிமிடம், ஒரு தேவையற்ற வெட்டு இல்லை. பிறகு அதை மரக்கொப்பில் தூக்கி, அரை மணித்தியாலம் காற்றுப்பட விட வேண்டும் என்றார். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். இலையானைக் காட்டினேன். ஒன்பது மணிக்குக் குத்தகைக்காரரின் முற்றத்தில் நிற்க வேண்டும், குளிர் அறைப் பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது என்றேன். சூடு ஆறாத மான் கால் மடக்கிப் பைக்குள் போயிற்று. வாயைச் சுருட்டி மூடியவன் நான்.

ஒன்பது மணிக்கு நாங்கள் முற்றத்தில் இருந்தோம். குத்தகைக்காரர் இல்லை. மானை வெளியே எடுத்து அங்கிருந்த செரி மரத்தில் தொங்கவிடுவோம் என்றார் அத்தான். பிறர் வளவில் அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது சரியில்லை என்றேன். "மானுக்குச் சட்டம் தெரியாது மச்சான்" என்றார். இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

குத்தகைக்காரர் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு நண்பர்களோடு வந்தார். தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. பையைத் திறந்தார். மணம் முதலில் வந்தது, புளித்த, மூடிவைத்த மணம். உட்தொடை பச்சை பாரித்திருந்தது. அவர் அத்தானைப் பார்த்து, முப்பது வருடம் இறைச்சியில் நின்றதாகச் சொன்னீர்களே, அங்கே படித்தது இதுதானா என்று கேட்டார். நண்பர்கள் சிரித்தார்கள். இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். அத்தான் ஒன்றும் பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பையைத் தெரிவு செய்தவன் நான், மூடியவன் நான் என்று சொல்ல இரண்டு வசனம் போதும். எனக்கு ஜெர்மன் வராது என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை. அத்தான் தனியே சுற்றி வைத்திருந்த ஈரலை முற்றத்து மதிலில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். நெடுஞ்சாலையில் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

"நீர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

அதன்பின் என்னோடு பேச்சில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். குத்தகைக்காரருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். குறித்த நேரம், வந்த நேரம், வெளி வெப்பநிலை, குளிர் அறைப் பொறுப்பு யாருடையது, எல்லாம் வரிசையாக. வாய்ச்சொல்லாகக் கொடுத்த தயவைத் திரும்ப எடுத்தால் மேன்முறையீட்டுக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினேன். பதில் இல்லை. நான்கு வாரத்தில் நினைவூட்டல், எட்டு வாரத்தில் பதிவுத் தபால். நான் பதவியில் இருந்த காலத்தில் கிறுக்கருக்குக்கூட நான்கு வாரத்தில் பதில் போட்டிருக்கிறேன். பிரதியை அத்தானுக்கும் அனுப்பினேன், என் முயற்சி தெரியட்டும் என்று. அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"மூண்டு பக்கமும் வாசிச்சன் தம்பி. அந்தப் பையை வாங்க வைச்சது ஆர் எண்டு எங்கை எழுதியிருக்கிறாய்?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அந்த மனுசன் இப்ப வெள்ளிக்கிழமையிலை சப்பாத்துத் துடைக்கிறதில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். குத்தகைக்காரர் இருந்தார், சூரியன் இருந்தது, வெப்பமானி இருந்தது. நான் இல்லை. ஓர் அலுவலகக் கடிதம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான் குத்தகைக்காரருக்கு இன்னொன்று எழுத முடிந்தது. அது ஐந்து வரி. பையைத் தெரிவு செய்தது நான், என் மைத்துனர் வேண்டாமென்றார். சூட்டோடு மூடியது நான், அவர் காற்றில் தொங்கவிடச் சொன்னார். உங்கள் முற்றத்தில் அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார், நான் எனக்காக மூடிக்கொண்டு நின்றேன். விதி எண் ஒன்றும் போடவில்லை. அத்தானுக்குப் பிரதியும் அனுப்பவில்லை.

தை போயிற்று, மாசி போயிற்று. குத்தகைக்காரரைப் பற்றி என் அபிப்பிராயம் இன்றைக்கும் மாறவில்லை. அவர் ஒரு முரட்டு மனிதர், பன்னிரண்டு மணியை ஒன்பது மணி என்று நினைப்பவர். பதிலும் அவரைப் போலவே இருந்தது. வணக்கம் இல்லை, ஒரு கடதாசியில் மூன்று வரி. மே மாதத்திலிருந்து உங்கள் மைத்துனர் வரலாம். இம்முறை பையை அவரே தெரிவு செய்யட்டும். நீங்கள் வர வேண்டாம்.

அதைத் தபாற்பெட்டியிலிருந்து எடுத்து, குளிருக்கான மேற்சட்டைகூடப் போடாமல் அக்கா வீட்டுக்கு நடந்தேன். அன்று உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை.