பட்டியலில் மிஞ்சிய பெயர்

மருதமுனைச் சந்தையில் பஸால் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அந்த ஆளுக்குக் குலை நடுங்கும். "பஸால் காக்கா, என்ட பேர மட்டும் சொல்லிராதீங்க" என்று மீன்காரர் அஸ்ஹர் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார். பகிடிதான், ஆனாலும் அதில் பாதி உண்மைப் பயம். ஊர் வானொலியில் இறந்தவர்களின் பெயர் சொல்லி ஜனாஸா அறிவித்தல் வாசிக்கிற குரலல்லவா அது!

அந்த வானொலியே பெயர் வாசிக்கத்தான் பிறந்தது. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில், காணாமல் போனவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார் கைத்தறிக்காரரான பஸால். கல்முனையில் ரேடியோ திருத்துகிற கிறகரி, யாரோ கொடுத்த சின்ன ஒலிபரப்புக் கருவியைக் கொண்டுவந்து, தென்னையில் ஏரியலைக் கட்டினார். முதல் நாள் முந்நூறு பெயர்கள். அவற்றில் ஒன்று பஸாலின் ஆறு வயது மகள் ஸில்மியா.

முகாம் கலைந்தது. நிலையம் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடிக்குப் போனது. நெல் விலை, நோன்பு கால நிகழ்ச்சி, ஜனாஸா அறிவித்தல் என்று வளர்ந்தது. ஆனாலும் டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலையில் பஸால் அந்தப் பட்டியலை வாசித்தே ஆகவேண்டும். அதற்கொரு கண்டிப்பான வழக்கமும் இருந்தது. உடல் கிடைக்காதவரின் பெயருக்கு முன்னால், காலமானவரைக் குறிக்கும் 'மர்ஹூம்' என்று சொல்லக்கூடாது. குடும்பத்தார் வந்து "மர்ஹூமெண்டு போடுங்க" என்றால் மட்டுமே அந்தப் பெயரை இறந்தவர்களோடு சேர்ப்பார்கள். ஒவ்வொரு குடும்பமாக வந்து சொல்லிவிட்டுப் போனது. பஸாலின் மனைவி ஸுலைஹா மட்டும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பட்டியலில் மிஞ்சியது ஒரே ஒரு பெயர்.

அந்தப் பெயரை வாசித்ததும் ஒவ்வொரு வருடமும் ஒன்று நடந்தது. காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்கும். கூப்பிட்ட பிள்ளை பதில் சொல்ல வாயெடுக்கும்போது இழுக்கிற சின்ன மூச்சு. பஸாலுக்கு மயிர் கூச்செறியும். கூடவே மனமும் குளிரும். அவர் சொன்னதைக் கேட்டு கிறகரி வயரை மாற்றினார், மைக்கை மாற்றினார், ஜன்னலையும் அடைத்தார். "காத்துத்தான் பஸால்" என்றார். அடுத்த வருடமும் கேட்டது. வீட்டில் இதைப்பற்றி அவர் மூச்சுக்கூட விடவில்லை. தெரிந்தால் ஸுலைஹா கடற்கரையே கதியென்று கிடப்பாள் என்று பயம்.

போன டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலையில் மட்டும் நாலு ஜனாஸா அறிவித்தல். ஆணுக்கு மர்ஹூம், பெண்ணுக்கு மர்ஹூமா என்று வரிசையாக வாசித்த சூட்டோடு பட்டியலையும் எடுத்தார்.

"மர்ஹூமா ஸில்மியா..."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இத்தனை வருடம் அடக்கிவைத்த சொல்தான் நழுவியதோ என்னவோ. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த மூச்சுக்காகக் காத்திருந்தார். இரைச்சல்கூட இல்லை. "ஸில்மியா, வயது ஆறு, காணவில்லை" என்று திருத்தி வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். ஒன்றுமே வரவில்லை.

ஸுலைஹா சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவள் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"பிழையா வாசிச்சிட்டன் புள்ள" என்றார். "பொறகு திருத்தியும் வாசிச்சன்."

"ஓம், கேட்டன்."

"கோவமா?"

"இண்டைக்கு அவட மூச்சு வரல்ல, என்ன?" என்றாள்.

பஸால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒனக்கும் கேக்கிறதா?"

"ஒவ்வொரு வருசமும்தான். ஒங்களுக்குப் பயமாப் போயிருமெண்டு நான் கதைக்கல்ல."

ஸுலைஹா ரேடியோவை நிறுத்தினாள். வாங்கிய நாளிலிருந்து இரவிலும் அணைக்காத ரேடியோ அது.

"நீங்க திருத்தி என்ன செய்ய? தான் மவுத்தாப் போயிட்டதெண்டு வாப்பாட வாயாலயே கேட்டுட்டா. புள்ள நம்பிட்டா."