அமாவாசைக்கு மட்டும் கேட்ட ரீங்காரம்

எனக்குப் பதினோரு வயது நடந்த வருஷம், தை அமாவாசையன்று உச்சிவேளையில், எங்கள் வீட்டுக்குள் யாரோ முனகினார்கள். வார்த்தை எதுவும் இல்லை. ஓர் ஆள் வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஒரே சுருதியில் ‘ம்ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டே போனால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். இலை போட்டு, அப்பாருவுக்குப் படையல் வைத்து, அப்பா கற்பூரம் ஏற்றக் குனிந்த நேரம். வீட்டில் அத்தனை பேரும் கைகூப்பி நின்றதால் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அப்பாரு என்பது அப்பாவின் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். சேலத்தில் எடுத்த அவருடைய படம் ஒன்று தறிக்கூடத்துச் சுவரில் பெரிய சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. கண்ணை இமைக்கக் கூடாது என்று படம் எடுத்தவர் மிரட்டியிருப்பார் போல. தலைப்பாகையும் முறைப்புமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவர்ப் பக்கமிருந்துதான் முனகல் வந்தது.

“அப்பாங்க!” என்று அத்தை தரையில் விழுந்து கும்பிட்டார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். கணவர் போனபிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார். வீட்டில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு அவருடையது. பசு பால் கறக்காவிட்டால், நூல் அடிக்கடி அறுந்தால், எனக்கு விக்கல் வந்தால், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். முனகலுக்கும் உடனே சொல்லிவிட்டார். “படையலு மனசுக்குப் பத்தலை தம்பி. வெறும் வடையும் பாயசமும் வெச்சா எப்படி? அப்பாவுக்குக் கச்சாயமுன்னா உசுரு, தெரியுமல்ல?”

அப்பா தலையை ஆட்டினார். கச்சாயத்துக்கு அரிசி இடித்து, வெல்லப்பாகில் பிசைந்து, எண்ணெயில் சுடப்போவது அம்மா.

எங்கள் வீடு ராசிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் இருந்தது. முன்கூடத்தில் மூன்று குழித்தறிகள். ஒன்றில் அப்பா, ஒன்றில் சித்தப்பா, மூன்றாவதில் என் அண்ணன். அம்மாவும் நானும் ராட்டையில் நூலைச் சின்னக் குழலில் தாராகச் சுற்றிக் கொடுப்போம். அந்தத் தார்தான் நாடா என்கிற படகு போன்ற மரக்கட்டைக்குள் போகும். நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். விடியும்போது ஆரம்பிக்கிற ‘டக்கு டக்கு’ விளக்கு வைக்கும் வரை ஓயாது. சாப்பாட்டுக்குக்கூட மூன்று பேரும் ஒன்றாக எழுந்தது கிடையாது. ஒருவர் வந்து குழிக்குள் காலை வைத்த பிறகுதான் அடுத்தவர் எழுந்து போவார். அமாவாசை மட்டும் விதிவிலக்கு. அன்று நெசவுக்காரர் வீட்டில் தறியைத் தொடமாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் கத்தாமல் பேசிக்கொள்வோம்.

மாசி அமாவாசைக்குக் கச்சாயம் சுட்டார்கள். அப்பாருவின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்தோம். முனகல் மறுபடியும் வந்தது. போன தடவையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

“இன்னமும் கேக்கறாரு,” என்றார் அப்பா.

“அட இல்ல தம்பி, புடிச்சிருக்குது. அதான் சந்தோசத்துல சத்தமாச் சொல்றாரு,” என்றார் அத்தை.

கேட்கிறாரா, மெச்சுகிறாரா என்று இரண்டு பேருக்கும் வாதம் நடந்தது. எப்படி ஆனாலும் அடுத்த மாதம் இன்னும் நிறையச் செய்ய வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பங்குனியில் ஒப்பிட்டு. பருப்பு வேகவைத்து, வெல்லம் போட்டு அரைத்து, மாவுக்குள் வைத்துத் தட்டித் தட்டி அம்மாவுக்குக் கை சிவந்துபோனது. உண்மையைச் சொன்னால், பிள்ளைகளாகிய எங்களுக்கு அப்பாரு முனகுவது மிகவும் பிடித்துப்போயிற்று. படையல் முடிந்ததும் தின்பது நாங்கள்தானே.

சித்தப்பா மட்டும் கொஞ்சம் புதுமைக்காரர். அவர் நூல் வாங்கச் சேலத்துக்குப் போய்வருவார். மேட்டூர் அணையிலிருந்து கரண்டு வந்து சேலத்துக் கடைகளில் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்தவர். “அண்ணி, இது கரண்டுங்க. கம்பத்துக்குக் கீழ நின்னு பாருங்க, இதே சத்தந்தான்,” என்றார் அம்மாவிடம்.

“நம்ம தெருவுல கம்பமே இல்லீங்களே.”

“பூமிக்கடியில வருதுங்க அண்ணி.”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா தறிக்குப் போய்விட்டார்.

சித்திரை அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தை பட்டியலைச் சொன்னார். கச்சாயம், ஒப்பிட்டு, இரண்டும் வேண்டும். கூடவே அப்பாரு கடைசிக் காலத்தில் பல்லில்லாமல் ஏங்கின முறுக்கும் வேண்டும். அன்று மத்தியானம் அம்மா ராட்டையைச் சுற்றிக்கொண்டே வெகுநேரம் யோசனையில் இருந்தார். நூல் அறுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. திடீரென்று என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, அந்தச் சத்தம் அமாவாசைக்கு மட்டுந்தான் வருதுன்னு ஆரு சொன்னாங்க?” என்று கேட்டார்.

“எல்லாருந்தானுங்கம்மா சொல்றாங்க. மத்த நாள்ல கேக்கறதில்லையே.”

“மத்த நாள்ல உனக்கு என்னதான் கேக்குது?”

எனக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க அம்மா நெருங்கி வந்து என் காதில் கத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தார். “ஏனுங்க, நாளைக்கு ஒரு கால் மணி நேரம் மூணு தறியையும் நிறுத்தி வெக்கலாமுங்களா?”

“என்னத்துக்கு?”

“அந்தச் சத்தம் இருக்குதான்னு பாக்கறதுக்குங்க.”

“நாளைக்குப் புதங்கெழமை. அமாவாசை இல்லை. வேலை நாள்ல தறிய நிறுத்துவாங்களா? பேச்சப் பாரு!” அத்தோடு பேச்சு முடிந்தது. அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் தறி விஷயத்தில் யார் சொல்வதையும் கேட்கமாட்டார்.

புதன்கிழமை விடிந்தது. அப்பா முகம் கழுவி, திருநீறு பூசி, குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். கையை நீட்டினார். நாடா இல்லை. பலகைக்கு அடியில் தேடினார். “டேய், என் நாடாவை எடுத்தியா?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன், “என்னுதயுந்தான் காணோமுங்கப்பா,” என்றான். சித்தப்பா தன் தறியிலிருந்து தலையைத் தூக்கி, “என்னுதும் இல்லீங்கண்ணா,” என்றார். மூன்று பேரும் குழிக்குள் நின்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் ராட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து என் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாடாக்கள் எங்கே என்று எனக்குத் தெரியும். இருட்டோடு அம்மா எடுத்துக் கொடுக்க, நான்தான் ஒளித்துவைத்தேன்.

அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அப்பா எடுத்து வெச்சுக்கிட்டாருடா தம்பி! முறுக்கு வேணுமுன்னு எடுத்து வெச்சுக்கிட்டாரு!”

அப்போது அம்மா கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். ஆண்பிள்ளைகள் வேலை செய்யும் நேரத்தில் அவர் அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. “எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க,” என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம்.

பக்கத்து வீடுகளில் தறிகள் தூரத்தில் தட்டிக்கொண்டிருந்தன. அதற்கு இந்தப் பக்கம், எங்கள் கூடத்துக்குள், மிகத் தெளிவாக, ‘ம்ம்ம்ம்’ என்று கேட்டது.

“இன்னைக்கு என்ன கெழமைங்க?” என்றார் அம்மா.

“புதங்கெழமை,” என்றார் அப்பா.

“அமாவாசைங்களா?”

அப்பா சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். “அப்படின்னா…” என்று இழுத்தார். முகம் மலர்ந்தது. “அப்படின்னா அப்பா தெனமும் நம்மகூடவேதான் இருக்காரு!”

அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “தெனமும் இருக்கறவருக்குத் தெனமும் முறுக்குச் சுடச் சொல்லுவீங்களா?”

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணன். அப்பா கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபிறகு, “நாடா எங்க?” என்றார்.

“ராகிப் பானையில இருக்குதுங்க. மொதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. பொறவு தாரேன்.”

அப்படித்தான் வேலை நாளில் எங்கள் வீட்டில் தறி நின்றது. சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். பித்தளை டம்ளரின் வாயைச் சுவரில் வைத்து, அடியில் காதை வைத்துக் கேட்டால் சத்தம் பெரிதாகத் தெரியுமாம். ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டோம். அத்தைகூட ஒன்றை எடுத்துக்கொண்டார். கதவோரத்தில் சத்தம் குறைவு. நடுத்தூணுக்கு நேரே கூடுதல். இன்னும் நகர்ந்தோம். இரண்டு பக்கமிருந்தும் தடவிக்கொண்டே வந்த ஆறு டம்ளர்களும் ஓரிடத்தில் சந்தித்தன. நேர் மேலே அப்பாருவின் படம்.

“பாத்தியா?” என்றார் அத்தை மிக மெதுவாக. அப்பா கையைக் கூப்பினார். நானும் கூப்பினேன்.

அம்மா முக்காலியைப் போட்டு ஏறினார். “மன்னிச்சுக்குங்க மாமா,” என்று சொல்லிப் படத்தைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார். பின்னால் சுவரில் சதுரமாக ஒரு பலகை. மேலே சுண்ணாம்பு பூசியிருந்தது.

அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “அட, வெளக்கு மாடம்! வெளக்குப் பொகை பட்டு நெய்யற வேட்டியெல்லாம் கறுக்குதுன்னு அப்பாதான் பலகை அடிச்சு மூடினாரு. நான் சின்னப் பையன்.”

அம்மா பலகையில் உள்ளங்கையை வைத்தார். “சூடா இருக்குதுங்க,” என்றார். பிறகு மூக்கை வைத்து மோந்தார். சட்டென்று இறங்கிவிட்டார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

சொல்வதற்குள் சித்தப்பா ஓர் ஆணியை எடுத்துப் பலகையின் இடுக்கில் விட்டு நெம்பினார். ‘ம்ம்ம்’ என்பது ‘ங்ஙொய்ய்’ என்று மாறியது. இடுக்கு வழியாக ஒன்று வந்தது, பத்து வந்தன, பிறகு எண்ண முடியவில்லை. தேனீக்கள். நாங்கள் டம்ளர்களைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினோம். அத்தை எங்கள் எல்லோரையும் முந்திவிட்டார். அப்பாவால் மட்டும் ஓட முடியவில்லை, இரண்டு கையாலும் படத்தைப் பிடித்திருந்தார். அதைக் கீழே போடவும் மனசு வரவில்லை. நிதானமாக நடந்து வெளியே வந்தபோது அவருடைய மேலுதட்டில் ஒரு கொட்டு, மூக்கில் ஒன்று, காதில் ஒன்று. பத்து நிமிஷத்தில் உதடு பணியாரம் போல உப்பிவிட்டது. அம்மா சுண்ணாம்பு தடவினார். “சிரிக்காத,” என்று அப்பா சொல்ல நினைத்தது வேறு என்னவோவாக வெளியே வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகுதான் உள்ளே போய் இடுக்கில் துணியைத் திணித்தோம்.

இரண்டு நாள் கழித்துச் சந்தை கூடியது. கொல்லிமலையிலிருந்து பலாப்பழம் கொண்டு இறங்கும் ஒருவரை அண்ணன் அழைத்துவந்தான். அவர் கூடத்துக்குள் வரவேயில்லை. நேராக வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆமணக்குச் செடிகள் மண்டிக் கிடந்த சந்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கூரைக்குக் கீழே ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை. தேனீக்கள் அதில் போவதும் வருவதுமாக இருந்தன. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போனதே கிடையாது.

“மழை ஓஞ்சதும் வந்து கூடு வெச்சிருக்குதுங்க சாமி. பகல்ல இரையும், பொழுது சாஞ்சா அடங்கிரும். மாசாமாசம் கூட்டம் பெருகியிருக்கும். சத்தமும் பெருகியிருக்குமே?” என்றார்.

அப்பா தன் வீங்கின உதட்டோடு ஆமாம் என்று தலையாட்டினார்.

மலைக்காரர் வறட்டியைப் புகையவிட்டு, உள்ளே வந்து பலகையைப் பக்குவமாகக் கழற்றினார். உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாக ஏழு அடைகள் தொங்கின. பாதியை அறுத்து அண்டாவில் போட்டார். மீதியை விட்டுவிட்டுப் பலகையை மறுபடியும் மூடினார். “அதுகளும் பொழைக்கோணுமில்லீங்களா? மலர்ச்சி முடிஞ்சா தானாப் போயிரும்,” என்றார். அப்பா முதல் கிண்ணத்தை அப்பாருவின் படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மாவும் கும்பிட்டார்.

செய்தி தெருவுக்குப் பரவிவிட்டது. ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்து, உதடு ஒத்துழைத்த வரைக்கும், நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம். அதென்ன அமாவாசைக்கு மட்டும் வர்ற சத்தம்? தறிய நிறுத்திப் பாத்தாத் தெரிஞ்சிருமுன்னு தோணுச்சு. நிறுத்துனேன். அவ்வளவுதான்!”

கேட்டவர்கள் ஆகா என்றார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நிலைப்படியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கிண்ணங்களுக்குத் தேன் ஊற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, “அப்பா, அது நீங்க இல்லீங்க—” என்று ஆரம்பித்தேன். அம்மா சட்டென்று ஒரு பெரிய தேனடைத் துண்டைப் பிய்த்து என் வாயில் திணித்தார். மெழுகு பல்லில் ஒட்டிக்கொண்டது. தேன் தாடையில் வழிந்தது. நான் மென்று முடிப்பதற்குள் அப்பா கதையை முதலிலிருந்து இன்னொருவருக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.