முட்டு என்று எழுதியவள்

ஐந்து மதிப்பெண்ணுக்காக ஒருத்தி முப்பது வருஷம் கோபமாக இருக்க முடியுமா என்று என் மகள் கேட்கிறாள். முடியும். அந்த ஐந்தும் நியாயமாக நமக்குச் சேர வேண்டியவை என்றால் இன்னும் முப்பது வருஷம்கூட முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. பகலில் பாதி நாள் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். லாரியில் வந்து இறங்கும் லேத் எந்திரங்களையும் பெரிய மோட்டார்களையும் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்துவது அவர் வேலை. கிரேன் நுழையாத சந்துகள்தான் எங்கள் பக்கம் அதிகம். ஆறேழு பேர் கடப்பாறையும் இரும்புக் குழாயுமாக நாள் முழுக்க மல்லுக்கட்டி ஓர் எந்திரத்தை அதன் இடத்தில் உட்கார வைப்பார்கள்.

அந்த ஆறேழு பேரில் மாமாதான் முட்டு வைக்கிறவர். கடப்பாறையின் நுனியை எந்திரத்துக்கு அடியில் கொடுத்து, அதற்குக் கீழே ஒரு கல்லையோ கட்டையையோ வைக்க வேண்டும். அதற்குப் பெயர் முட்டு. அதன்மேல் கடப்பாறை தங்கி நின்றால்தான் மறுமுனையை அமுக்கும்போது பாரம் எழும்பும். முட்டுக்கல்லைச் சுமைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால் ஒரே ஆள் அமுக்கி எழுப்பிவிடலாம். தூரத்தில் வைத்தால் நாலு பேர் தொங்கினாலும் அசையாது. கல் நொறுங்கினால் யாருடைய காலாவது போகும். ஆகவே மாமா குந்தி உட்கார்ந்து, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்து, “ம்” என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கடப்பாறையில் கை வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இன்றைக்குக் கைபேசியில் யாராவது ஒரு தலைவருக்குப் பரிந்து பேசினால் ‘முட்டுக் கொடுக்கிறான்’ என்று ஏளனம் செய்கிறார்கள். செய்தித்தாளில், நல்ல காரியத்தைத் தடுக்கிறவர் முட்டுக்கட்டை போடுகிறார். பாவம் அந்தச் சொல். எங்கள் வீட்டில் அது மரியாதையான சொல்லாக இருந்தது.

காலாண்டுத் தேர்வில், அறிவியல் தாளில், ‘நெம்புகோலின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லேத்தை வரைந்தேன். கடப்பாறையை வரைந்தேன். மாமாவின் தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட விடவில்லை. அவர் கை அமுக்கும் இடத்தில் ‘திறன்’, எந்திரத்தின்மேல் ‘சுமை’. நடுவிலிருந்த கல்லுக்குப் புத்தகத்தில் வேறு ஏதோ பெயர் உண்டு என்று தெரியும். ‘ஆ’வில் தொடங்கும் என்பதுவரை நினைவு வந்தது. மணி அடிக்கப் போகிற நேரத்தில், பெயர் தெரியாத பொருளா அது என்று ‘முட்டு’ என எழுதி அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது என் படத்தின்மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு சுழி. அதற்குக் கீழே, ‘எந்த ஆடு முட்டியது?’

அறிவியல் சார் அதை எழுதியதோடு நிற்காமல் வகுப்பில் வாய்விட்டுப் படித்தும் காட்டினார். அவர் மோசமான மனிதர் அல்ல. டார்ச் பல்பையும் கம்பியையும் தன் கைக்காசில் வாங்கிவந்து மின்சாரப் பாடம் நடத்தியவர். ஆனால் வகுப்பு சிரித்தால் அவருக்குப் பிடிக்கும். அன்று வகுப்பு பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. மறுநாளிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் கடைசி பெஞ்சிலிருந்து ‘மே’ என்று ஒரு சத்தம் வரும்.

“படம் செரிதானுங்களே சார்?” என்று எழுந்து கேட்டேன்.

“படம் செரி. பேரு தப்பு. ஆதாரப்புள்ளின்னு புஸ்தகத்துல இருக்குதல்ல? பட்டறையில பேசறதெல்லாம் அறிவியல் ஆயிருமா? உக்காரு.”

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முன் பெஞ்சுப் பையனின் தாளை எட்டிப் பார்த்தேன். அவன் ஒரு கோடு போட்டு, கோட்டின் ஒரு முனையில், அதாவது கை அமுக்க வேண்டிய இடத்தில், அழகான கையெழுத்தில் ‘ஆதாரப்புள்ளி’ என்று எழுதியிருந்தான். நடுவில் கல்லும் இல்லை, கட்டையும் இல்லை, கோடு அந்தரத்தில் கிடந்தது. அதற்கு ஐந்துக்கு ஐந்து! அந்த நெம்புகோலால் ஒரு தீப்பெட்டியைக்கூட நகர்த்த முடியாது. “என்றா இது, இங்க போட்டிருக்கற?” என்று கேட்டதற்கு, “எங்க போடறதுன்னு தெரியல, இடம் இருந்துச்சு போட்டுட்டேன்” என்றான். நேர்மையான பையன்தான்.

அந்த வாரமே அறிவியலில் முதலாவதாக வந்தவரைக் கோயமுத்தூரில் நடக்கும் பள்ளிக் கண்காட்சிக்கு அழைத்துப்போவதாக அறிவித்தார்கள். பள்ளிக்கு ஒருவர்தான். அவன் என்னைவிட மூன்று மதிப்பெண் கூடுதல். மூன்று! கணக்கு எனக்கும் தெரியும் அல்லவா.

வீட்டில் வந்து அழுதபோது அம்மா, “உடு, அடுத்த வருசம் போய்க்கலாம்” என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். மாமாதான் தாளை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். படத்தில் தன் தலைத்துண்டைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. சிவப்பு மையைப் படித்ததும் சிறுத்துப்போனது.

“முட்டு இல்லீனா கடப்பாறை என்னத்துக்கு ஆகுமாமா? அழுகாத கண்ணு. நான் வந்து கேக்கறேன்.”

முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட வீட்டிலிருந்து யாராவது வர வேண்டிய நாள் அடுத்த திங்கட்கிழமை. மூன்று சாயங்காலம் அவருக்குப் பாடம் எடுத்தேன். நான் சாராக உட்காருவேன். அவர் எதிரே நின்று, “ஏனுங்க சார், முட்டுன்னாலும் ஆதாரப்புள்ளின்னாலும் ஒண்ணுதானுங்களே” என்று சொல்ல வேண்டும். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மூன்றாம் நாள், “வேணும்னா கடப்பாறையக் கொண்டாந்து காட்டிப்போடறனுங்க” என்று சொந்தமாகவே சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். யாரும் அங்கே கழற்றுவதில்லை.

“பாப்பாவுக்கு நீங்க யாருங்க?” என்றார் சார்.

“தாய்மாமனுங்க.”

“நல்லாப் படிக்குது. ஆனா பட்டறைப் பேச்செல்லாம் பரீட்சையில எழுதுது. முட்டாம், முட்டு!” என்று சிரித்தார்.

நான் மாமாவைப் பார்த்தேன். இப்போது சொல்ல வேண்டும். அவர் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

“ஆமாங்க சார். தெரியாம எழுதிப்போட்டாளுங்க. நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்.”

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. அவர் சட்டை நுனியை இழுத்தேன். கையைத் தட்டிவிட்டு, அறிக்கையில் தன் பெயரை மெல்ல எழுதி முடித்தார்.

சாருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. “மெஷின் எறக்கற வேலைன்னு சொன்னாங்களே, ஒரு ஒத்தாசை பண்ணுங்களேன்” என்று அறையின் உள்பக்கம் கூட்டிப்போனார். அங்கே இருந்த இரும்பு பீரோவின் ஒரு கால் தரை பெயர்ந்த குழியில் இறங்கி, பீரோ சாய்ந்து, ஒரு வாரமாகக் கதவு திறக்கவில்லை. உள்ளேதான் பதிவேடுகள் எல்லாம். செடிக்குக் குழி வெட்டும் கடப்பாறையைப் பையன்கள் கொண்டுவந்தார்கள். மாமா பூச்செடிக்கு வரப்பாக வைத்திருந்த கல் ஒன்றைத் தூக்கிவந்து, குந்தி உட்கார்ந்து, திருப்பிப் பார்த்து வைத்தார். ஒற்றைக் கையால் அமுக்கினார். பீரோ ஒரு கனைப்போடு நிமிர்ந்தது. “ஒரு கல்ல உள்ள தள்ளுங்க சார்” என்றதும், சார் தானே குனிந்து ஒரு சப்பைக் கல்லைக் காலுக்கு அடியில் தள்ளினார்.

அந்தத் தரையே பொலபொலவென்று இருந்தது. முட்டுக்கல் வைத்த இடம் சட்டென்று உள்வாங்கியது. கடப்பாறை நழுவியது. சாரின் விரல்கள் இன்னும் பீரோவுக்கு அடியில்.

“முட்டு! முட்டு! டேய், முட்டு வைங்கடா!” என்று சார் அலறினார்.

மாமா கடப்பாறையின்மேல் நெஞ்சோடு விழுந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே, பக்கத்தில் கிடந்த இன்னொரு கல்லைக் காலால் உதைத்துக் கீழே சேர்த்தார். பீரோ நின்றது. சார் கையை உருவிக்கொண்டார். ஒரு நகம் மட்டும் கறுத்திருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ நெஞ்சு பொங்கியது. எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்:

“சார், இப்ப நீங்களும் முட்டுன்னுதானுங்க சொன்னீங்க! ஆதாரப்புள்ளி வைங்கடான்னு சொல்லலீங்களே!”

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சாரின் முகம் சிவந்தது. அவர் ஏதும் சொல்வதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தவர் மாமா. அதுவரை அவர் என்மேல் கை ஓங்கியதுகூடக் கிடையாது.

“பெரியவங்ககிட்ட என்ன பேச்சுப் பேசற?” என்றவர் சாரிடம் திரும்பி, “மன்னிச்சுப்போடுங்க சார். சின்னப் புள்ள. நான் சொல்லி வெக்கறனுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க” என்று கையைக் கூப்பினார். சற்று முன்னால் யாருடைய விரல்களைக் காப்பாற்றினாரோ அவரிடமே கூப்பினார்.

“செரி செரி, கொழந்தைதானே” என்றார் சார், விரலை ஊதிக்கொண்டு. மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மதிப்பெண்ணைப் பற்றி அவர் பேசவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

முன் பெஞ்சுப் பையன் கோயமுத்தூர் போய்வந்தான். காந்திபுரத்தில் ரோஸ் மில்க் குடித்ததைத் தவிர அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை. கண்காட்சியில் என்ன பார்த்தாய் என்றால் “நெறைய” என்றான். நான் மாமாவோடு ஒரு மாதத்துக்குமேல் பேசவில்லை. அவர் வாங்கிவந்த தேங்காய் பன்னைத் தொடவில்லை. பட்டறைக்குச் சோறு கொண்டுபோக மாட்டேன் என்றேன். தெரிந்தே என்னைக் கைவிட்டவர் என்று அவரைப் பற்றி முடிவு கட்டிவைத்திருந்தேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ள ரொம்ப நாளாயிற்று.

பாலிடெக்னிக்கில் எனக்கு இடம் கிடைத்த அன்று அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள். மாமா ஆறாவது படிக்கும்போது, கரும்பலகையில் வாத்தியார் போட்ட கணக்குத் தப்பு என்று எழுந்து சொல்லியிருக்கிறார். தப்புதானாம். அடித்து, அப்பனைக் கூட்டிவா என்று அனுப்பியிருக்கிறார்கள். என் தாத்தா காட்டு வேலையிலிருந்து அப்படியே போய், “எம் பையன் சொன்னது செரிதானுங்களே, அப்பறம் என்னத்துக்கு அடிச்சீங்க?” என்று கேட்டிருக்கிறார். ஒரே கேள்விதான். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். அந்த வாரமே மாமாவின் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த பள்ளி எட்டு மைல். மாமா பட்டறைக்குப் போனார்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் சரியாகச் சொன்னதற்காகத் தண்டனை வாங்கியிருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மாமாவின் மேல் அல்ல.

பீரோவை நிமிர்த்திய அன்று நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தே வந்தோம். மாமா முன்னால் போனார். நான் வேண்டுமென்றே பத்தடி பின்தங்கி வந்தேன். வழியெல்லாம், என்னை அறைந்த அவருடைய வலது கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அக்குளில் செருகிக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை. அத்தனை பெரிய லேத்துகளைத் தூக்குகிற ஆளுக்கு ஒரு பள்ளிக்கூட பீரோ இவ்வளவு கனமாக இருந்ததா என்று நான் மனசுக்குள் இளப்பமாகச் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.