திரையிலிருந்து விழுந்தவள்

ஓபல் ஹென்ட்ரிக்ஸின் முகம் எந்தப் படத்திலும் தெரியாது. கதாநாயகி ஏணியிலிருந்து சரிவாள், மாவுத்தொட்டிக்குள் குப்புற விழுவாள், அதெல்லாம் ஓபல்தான். சர்க்கஸ் கூடாரத்தில் வளர்ந்தவள், வயது நாற்பத்தொன்று. 'பிங்க்லி குடும்பம்' என்ற எங்கள் இருபது நிமிடச் சிரிப்புப் படங்கள் ஏழிலும் அவள் விழுந்திருக்கிறாள். ஒவ்வொரு காட்சியையும் நோட்டில் குறிப்பது என் வேலை.

1943 மார்ச்சில் எட்டாவது படத்தை பர்பாங்க் நகரில் ஒரு தியேட்டரில் மதியம் போட்டுப் பார்த்தோம். விமானத் தொழிற்சாலைக்காரர்கள் முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பாதியில் படம் பழுப்பேறிக் கருகி நின்றது. அரங்க விளக்குகளைப் போட்டார்கள். ஓபல் திரும்பி, பின்னால் மேலேயிருந்த புரொஜக்டர் அறையைப் பார்த்தாள். புகை கசிந்துகொண்டிருந்தது. பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது.

"வெர்னா, கத்தாத. முதல்ல ஆபரேட்டரை வெளிய இழு. அப்புறம் பக்கத்துக் கதவெல்லாம் திற," என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடையேறினாள். திரையடியிலிருந்து உருண்டு, படிகளில் தடதடவென்று கீழே விழுந்தாள்.

"மன்னிச்சுக்கங்க! படத்துலேருந்து தவறி விழுந்துட்டேன்!"

அரங்கமே சிரித்தது. ஒருவரும் பின்னால் திரும்பவில்லை.

"பக்கத்துச் சந்துல காபி தர்றாங்க! கூப்பன் வேண்டாம்! ஆனா தள்ளுறவனுக்குக் கிடையாது!"

காபி ரேஷனில் இருந்த வசந்தம் அது. வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவள் தடுக்கி, சுழன்று, மறுபடி விழுந்து, கதவு வரை அவர்களைச் சிரிக்கவைத்தே நடத்திப்போனாள். இருமிக்கொண்டிருந்த ஆபரேட்டரைத் தாங்கியபடி நான் கதவருகே நின்றேன். ஒரு காலணிகூட உள்ளே தவறவில்லை.

"எங்கேம்மா காபி?" என்றார் விமானத் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடிக்கும் தடித்த ஆள் ஒருவர்.

ஓபல் மேலே காட்டினாள். புரொஜக்டர் அறை ஜன்னலைப் பிளந்து தீ வந்துகொண்டிருந்தது. "இன்னும் கொதிக்குது."

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். முதல் விழுதலிலேயே ஒடிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஐந்து முறை விழுந்திருக்கிறாள்.

அடுத்த படத்தில் அவள் முகத்தைக் காட்டுவதாக முதலாளி சொன்னார்.

"முகம் தெரிஞ்சுட்டா அப்புறம் யாருக்குப் பதிலா விழுறது?" என்று சிரித்து மறுத்துவிட்டாள் ஓபல்.

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே ஒரு பலசரக்குக் கடைக் காட்சிக்காகக் கூரையிலிருந்து குதித்தாள். பென்சிலைப் பிடித்தபடி அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.