நான் இழுத்த வயர்

மலேசியாவில், மந்தினில் கார் வயரிங் வேலை செய்கிறேன். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய ராமையா அண்ணனின் பழைய காரில் காலையானால் பேட்டரி செத்துக் கிடக்கும். ரத்தம் சுத்திகரிக்க மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அவருக்கு அந்தக் கார்தான். “வயசாச்சுல்ல, லைட்ட அணைக்க மறந்துடுறீங்க” என்று அந்த அக்கா முன்னாலேயே திட்டினேன்.

மூன்றாம் முறை வந்தபோது வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பின்சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி சூடாக இருந்தது. திருவிழாவில் சாமி ரதத்துக்கு முன்னால் இந்தக் கார் போனபோது கலர் விளக்கு எரிய, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து நான் மாட்டியது. கழற்ற மறந்திருந்தேன்; ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடித்தது அதுதான்.

சொன்னேன். அண்ணன் சிரித்தார். “சாமி காரியம்தானே, விடுலா.”

அக்கா விடவில்லை. “அவர திட்டுனத மட்டும் திரும்ப எடுத்துக்கோ, தம்பி.”

திட்டியதைத் திரும்ப எடுக்காமலே, குனிந்து அந்தப் பெட்டியைக் கழற்றினேன். இப்போது அந்தக் காரின் பேட்டரி சாவதில்லை. அண்ணன் என் கடைக்கு வருவதும் இல்லை.